கிளனாட்: இத்தனை வருஷமாகியும் ஆறாத ஒரு கோபம்

அத்தை மகன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். "நல்லா அழ வைக்கிற ஸ்கூல் அனிமே ஒண்ணு சொல்லுங்கண்ணா, கிளனாட் பாக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பார், பார்க்காதே என்று ஒற்றை வரியில் பதில் போட எனக்குக் கை வரவில்லை. இந்தத் தொடரோடு எனக்கு நீண்ட காலப் பழக்கம். காலேஜில் படிக்கும்போது பார்த்தேன், வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தேன், வீட்டில் குழந்தை வந்த பிறகும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முடியும்போது கோபம்தான் மிஞ்சியிருக்கிறது. கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

முதல் பாகம் 2007 அக்டோபரில் தொடங்கியது. இரண்டாம் பாகமான 'ஆஃப்டர் ஸ்டோரி' 2009 மார்ச்சில் முடிந்தது. கியோட்டோ அனிமேஷன் தயாரிப்பு, டட்சுயா இஷிஹாரா இயக்கம். 2004-ல் 'கீ' நிறுவனம் வெளியிட்ட, கணினியில் ஆடும் கதை விளையாட்டுதான் மூலம். இது தெரிந்த விஷயம்தான். ஆனால் விளையாட்டிலிருந்து வந்த கதை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் பாகம், கதாநாயகன் டொமோயாவும் அவன் காதலிக்கப் போகும் நாகிசாவும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலம். மெதுவாகத்தான் போகும். முகத்தில் பாதியைக் கண்ணே பிடித்துக்கொள்ளும் அந்தக் கால வரைபாணி பழக சில எபிசோடுகள் ஆகும். டொமோயாவின் நண்பன் சுனோஹாரா, டொமோயோ என்ற பெண்ணிடம் உதை வாங்கிப் பறப்பது முதலில் சிரிப்பு, போகப் போகச் சலிப்பு. ஃபூகோ என்ற பெண் மரத்தில் செதுக்கிய நட்சத்திர மீன்களைக் கண்ணில் படுகிறவர்கள் கையிலெல்லாம் திணித்துக்கொண்டு அலைவதும் விளையாட்டாகத்தான் தோன்றும். அந்தப் பெண்ணின் உடம்பு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறது, அக்கா கல்யாணத்துக்கு ஆள் சேர்க்கத்தான் இந்த அலைச்சல் என்று தெரியும்போது சிரித்ததெல்லாம் நெஞ்சில் வந்து குத்தும். கல்யாணம் நெருங்க நெருங்க பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவராக அவளை மறந்துகொண்டே வருகிறார்கள். பள்ளிக்கூடக் கதை என்ற அளவில் அந்த ஒன்பது எபிசோடுகளே போதும்.

ஆனால் முதல் பாகத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசியில் வரும் நாடக மேடை. தன்னை வளர்ப்பதற்காக அப்பா அகியோ நடிப்பையும் அம்மா சனாயே வாத்தியார் வேலையையும் விட்டார்கள் என்பது நாகிசாவுக்கு நாடகத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிகிறது. மேடை ஏறியவள் வசனம் பேச முடியாமல் அழுதுகொண்டு நிற்கிறாள். அரங்கத்துப் பின்வாசலில் நின்று அகியோ தொண்டை கிழியக் கத்துகிறார்: நாங்கள் கனவை விட்டுக்கொடுக்கவில்லை, உன் கனவை எங்கள் கனவாக ஆக்கிக்கொண்டோம். சனாயே சுட்ட ரொட்டி வாயில் வைக்க முடியாதபடி இருப்பதும், யாராவது அதைச் சொல்லிவிட்டால் அவர் அழுதுகொண்டே ஓடுவதும், அகியோ அதே ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு "எனக்குப் பிடிச்சிருக்கு!" என்று பின்னாலேயே ஓடுவதும் இதே தொடரில்தான். அந்தக் கூத்தையும் இந்த மேடைக் காட்சியையும் ஒரே மனிதரை வைத்து நம்ப வைத்திருக்கிறார்கள். அகியோவைப் போல ஒரு அப்பாவை நான் வேறு எந்த அனிமேயிலும் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகத்தில் பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. மற்ற தொடர்கள் காதலைச் சொன்னதும் திரையை மூடிவிடும். இது அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. டொமோயா எலக்ட்ரீஷியன் யோஷினோவிடம் வேலைக்குப் போகிறான். சின்ன வாடகை வீடு, எண்ணி எண்ணிச் செலவு, தெருவிளக்குக் கம்பத்தில் வேலை, ஓய்ந்துபோன உடம்போடு வீடு திரும்புதல். நாகிசாவோடு பள்ளித் திருவிழாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்த நாளில் வேலை இழுத்துக்கொள்கிறது, போக முடியவில்லை. இன்னொரு இடத்தில் நல்ல வேலை கைக்கு வரும் நேரம் பார்த்து அப்பா கைதாகிறார், வேலை கை நழுவிப் போகிறது. முதல் சம்பளம் வாங்கிய வருஷத்தில் இந்தப் பகுதியைத் திரும்பப் பார்த்தேன். காலேஜில் ஓட்டிவிட்டுப் பார்த்த அதே காட்சிகள் ஒவ்வொன்றும் நிறுத்தி வைத்துப் பேசின.

அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நவோயுகி, குடிகாரர். அப்பனும் மகனும் போட்ட சண்டையில் டொமோயாவின் தோள் போய்விடுகிறது, கூடைப்பந்தும் அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவர் மகனை அதட்டுவதுகூட இல்லை. பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பையனைப் போல மரியாதை சேர்த்து "டொமோயா-குன்" என்று கூப்பிடுகிறார். அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அந்த மரியாதையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, வீட்டை விட்டு வெளியே ஓடுகிறான்.

பனி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நாளில், டொமோயாவின் மனைவியாகிவிட்ட நாகிசா வீட்டிலேயே பிரசவித்து இறந்துபோகிறாள். டொமோயா குழந்தை உஷியோவை மாமனார் மாமியாரிடம் விட்டுவிட்டு, வேலை, குடி, சிகரெட் என்று ஐந்து வருஷத்தைத் தொலைக்கிறான். குழந்தையோடு அவன் தனியாக இருந்தாக வேண்டும் என்று சனாயே திட்டம் போட்டு, எல்லோருமாக ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கணவரோடு கிளம்பிவிடுகிறார். வேறு வழியில்லாமல் அப்பனும் மகளும் ரயில் ஏறுகிறார்கள்.

பதினெட்டாம் எபிசோடை என்னால் இன்றுவரை நேராக உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. வழியில் அப்பா வாங்கித் தந்த ரோபோ பொம்மையைப் பூக்காட்டில் தொலைத்துவிட்டு உஷியோ தேடிக்கொண்டே இருக்கிறாள். வேறு வாங்கிக்கலாம் என்கிறான் டொமோயா. அவள் கேட்பதாக இல்லை. அப்பா தனக்காகப் பார்த்து வாங்கிக் கொடுத்த முதல் சாமான் அது. இதற்கு நடுவே டொமோயா தன் பாட்டியைச் சந்திக்கிறான். மனைவி விபத்தில் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று, கையில் இருந்ததையெல்லாம் பிள்ளைக்கே செலவழித்து வளர்த்த ஒரு இளைஞனைப் பற்றிப் பாட்டி சொல்கிறாள். அந்த இளைஞன்தான் நவோயுகி. தான் ஓடி ஒளிந்த இடத்தில் அப்பா ஓடாமல் நின்றிருக்கிறார் என்பது டொமோயாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. பிறகு உஷியோவிடம் திரும்பி வருகிறான். அழலாமா என்று குழந்தை கேட்கிறாள். அழுவதற்கு இரண்டு இடம்தான் உண்டு, ஒன்று கக்கூஸ், இன்னொன்று அப்பாவின் நெஞ்சு என்று சனாயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஐந்து வயதுக் குழந்தை அதுவரை கக்கூஸில் மட்டும் அழுதுகொண்டிருந்திருக்கிறது.

திரும்பி வரும் ரயிலில் மகளுக்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். ஐந்து வருஷமாக வாயில் வராத பெயர். கொஞ்ச தூரம் சொல்லிப் பார்க்கிறான், அதற்கு மேல் முடியவில்லை, குரல் உடைந்துவிடுகிறது. டொமோயாவுக்குக் குரல் கொடுத்த யூயிச்சி நகமுராவின் நடிப்பு அந்த நிமிஷத்தில் செய்வதை எந்த டப்பிங்காலும் கொடுக்க முடியாது. ஜப்பானிய ஒலியில்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒரு காட்சிக்காக.

அடுத்த எபிசோடில் டொமோயா அப்பாவிடம் போகிறான். போதும்ப்பா, பாட்டி காத்துக்கொண்டிருக்கிறாள், ஊருக்குப் போய் இருங்கள் என்கிறான். தான் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதா என்று அந்த மனிதர் கேட்கிறார். சத்தமில்லை, கட்டிப்பிடித்து அழும் காட்சியும் இல்லை. வயதான ஒருவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், அவ்வளவுதான். நான் பார்த்த குடும்பக் கதைகளில் இதற்கு ஈடான மன்னிப்பு கிடையாது.

என் கோபம் இதற்குப் பிறகு வருவதைப் பார்த்துத்தான். உஷியோவுக்கும் அம்மாவுக்கு வந்த அதே காய்ச்சல் வருகிறது. டொமோயா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறான். இன்னொரு தடவை அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்க, தூக்கிக்கொண்டு கிளம்பியவன் கையிலேயே, பனியில், குழந்தை போய்விடுகிறது. உடனே ஒளி உருண்டைகள் எழும்புகின்றன, காலம் திரும்புகிறது. அதே பிரசவ நாள், நாகிசா பிழைத்துக்கொள்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், எல்லோரும் சுகம். குழந்தையைச் சாகடித்ததே இந்த மந்திரத்துக்கு வழி செய்யத்தானா என்று தோன்றும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பிடித்தவர்கள் சொல்லும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் பலம் இருக்கிறது. முதல் பாகத்திலிருந்தே தனிமையான ஒரு உலகத்தையும், அங்கே ஒரு சிறுமியையும், குப்பைச் சாமான்களால் ஆன ஒரு பொம்மையையும் காட்டிக்கொண்டே வருகிறார்கள். நாகிசா சின்ன வயதில் ஒருமுறை செத்துப் பிழைத்தவள். அகியோ அவளைத் தூக்கிக்கொண்டு போய் மன்றாடிய பசுமையான இடத்தில்தான் பிறகு ஆஸ்பத்திரி எழும்புகிறது. ஊருக்கும் அவள் உயிருக்கும் ஒரு முடிச்சு உண்டு என்று முன்பே சொல்லியாகிவிட்டது. திடீரென்று வானத்திலிருந்து குதித்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது.

விளையாட்டை ஆடியவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு பாத்திரத்தின் கதையையும் தனித்தனியாக ஆடி முடித்து ஒளி உருண்டைகளைச் சேர்க்க வேண்டும். யாருக்கோ செய்த நல்லது ஒவ்வொன்றும் ஒரு உருண்டை. அவை சேர்ந்த பிறகுதான் உண்மையான முடிவு திறக்கும். பல நாள் உட்கார்ந்து ஆடியவனுக்கு அந்த அற்புதம் தான் உழைத்துச் சம்பாதித்தது. அனிமேயில் எல்லாக் கதையையும் ஒரே காலக்கோட்டில் கோத்துவிட்டார்கள். நடுநடுவே ஒரு வெளிச்சப் புள்ளி மிதந்து போகிறது, பார்க்கிறவன் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் தரவில்லை. ஆடியவனுக்குக் கூலியாக வந்த முடிவு பார்க்கிறவனுக்கு இனாமாக வருகிறது. கதை சொன்னவர்களைத் திட்டுவதைவிட இந்த மாற்றத்தில் நடந்த இழப்பைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று நிதானமாக இருக்கும்போது எனக்கே தெரிகிறது.

அந்தக் கடைசி எபிசோடிலேயே ஒரு அபாரமான இடமும் உண்டு. செர்ரி மரச் சரிவில் நாகிசாவை முதன்முதலாகப் பார்த்த நாள் மறுபடி வருகிறது. இவளைச் சந்திக்காமலே இருந்திருந்தால் இத்தனை வலி இருந்திருக்காதே என்று தயங்கி நிற்கிறான். அவள் தாண்டிப் போகிறாள். பிறகு ஓடிப்போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிக்கொள்கிறான். நடந்ததெல்லாம் தெரிந்தும் அவளையே தேர்ந்தெடுக்கிறான். அந்தக் கூப்பிடுதலோடு முடித்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

எங்கள் சித்தி தவறும்போது அவர் மகளுக்கு இரண்டு வயது. சித்தப்பா சமைக்கக் கற்றுக்கொண்டார், ஸ்கூல் வேன் வருவதற்குள் ரெட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். அந்தப் பின்னல் ஆரம்பத்தில் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் நிற்கும். பூக்காட்டுக் காட்சியைப் பார்த்தபோது, இவர் பட்டதைப் புரிந்த யாரோ ஜப்பானில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவரைப் போன்றவர்களுக்கு டொமோயா ஒரு துணை. கடைசி எபிசோட் அந்தத் துணையைப் பிடுங்கிக்கொள்கிறது. போனவர் போனதுதான் என்று ஏற்றுக்கொண்டு நடக்கப் பழகிய மனிதன் அவன், அவனுக்கு மட்டும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. சித்தப்பா என்ன செய்வார்?

கியோட்டோ அனிமேஷனில் 2019 ஜூலை 18 அன்று நடந்த தீவைப்பில் 36 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொடரைப் போட்டால் கடைசியில் ஓடும் பெயர்களை என்னால் தாண்டிவிட முடிவதில்லை. பூக்காட்டில் காற்று அசைவதைக்கூட இவ்வளவு கவனமாக வரைந்த கைகள் மேல் எனக்குள்ள மரியாதை வேறு, முடிவின் மேல் உள்ள கோபம் வேறு.

அத்தை மகனுக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். முதல் பாகத்தைப் பொறுமையாகப் பார். ஆஃப்டர் ஸ்டோரியில் சுனோஹாராவும் அவன் தங்கை மெயியும் வரும் ஆரம்ப எபிசோடுகளைத் தள்ளிவிடாதே, அவனை வெறும் கோமாளி என்று நினைத்துக்கொண்டு மேலே போகக் கூடாது. பத்தொன்பதாம் எபிசோடில் டொமோயாவின் அப்பா ஊருக்குப் போனதும் நிறுத்து. ஒரு வாரமாவது கழித்து மிச்சத்தைப் பார், பார்க்காவிட்டாலும் குற்றமில்லை. இருபத்து நாலாவது வெறும் கதைச்சுருக்கம், அது வேண்டாம். மார்க் எவ்வளவு என்று கேட்டான். பத்துக்கு ஆறு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஆறா என்றான். ஆமாம், ஆறுதான். நேற்று ராத்திரிதான் கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன்.