வாடகை வீட்டில் தண்ணீர்க் கசிவா? ஆப்பில் ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு மாத வாடகைப் பணம் போய்விட்டது. சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாடகை வீட்டில் கசிவு வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரில், தரையை ஒட்டி ஓதம் ஏற ஆரம்பித்தது. பெயிண்ட் கொப்பளித்தது, அப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. ஹவுஸ் ஓனருக்கு அன்றைக்கே போன் செய்தேன். "நீங்களே ஆள் வெச்சுப் பாத்துக்கங்கம்மா, வாடகைல கழிச்சுக்கலாம்" என்றார்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப்களில் ஒன்றில் பதிவு செய்தேன். சரிபார்த்த பணியாளர்கள், செய்த வேலைக்கு உத்தரவாதம் என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். வந்தவர் சீருடையில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. வீடு அழுக்காகக் கூடாது என்று காலில் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளேயே வந்தார். பையிலிருந்து இரண்டு ஊசிமுனை உள்ள ஒரு கருவியை எடுத்துச் சுவரில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது. திரையில் ஏறிய எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்தீங்களா மேடம், உள்ள போற லைன் உடைஞ்சிருக்கு. இப்ப மாத்தலைன்னா கீழ் வீட்டுக்கு இறங்கிடும், அவங்க உங்ககிட்டதான் வந்து நிப்பாங்க" என்றார். குரலில் அவ்வளவு அக்கறை. கருவி, எண், சீருடை, அந்தப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் என்னை நம்ப வைத்தன.

அந்தக் கருவியைப் பற்றிப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து அது ஈரத்தைக் கணிக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. உப்புப் பூத்த சுவரில் அந்த உப்பே எண்ணை ஏற்றிவிடும். ஆனால் அவர் அதை வைத்து எந்தக் குழாய் உடைந்திருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டார்!

ஆப்பில் கூலி மட்டும்தான் வரும், பொருள் வாங்க நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தேன். இரண்டு மாத வாடகை அளவுக்குப் பணம். டைல்ஸை உடைக்கும்போது, தூசி பறக்கும் என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் உள்ளே போனபோது சிமெண்ட் பூசி, வேறு நிறத்தில் டைல்ஸ் ஒட்டி, படுக்கையறைப் பக்கம் பெயிண்டும் அடித்து முடித்திருந்தார். "கோடு சொல்லுங்க மேடம், இல்லன்னா ஆப்ல க்ளோஸ் ஆகாது" என்று அவசரப்படுத்தி, வேலை முடிந்தது என்று உறுதிசெய்ய என் போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் ஓதம். கூப்பிட்டால் "சுவர் காய டைம் ஆகும் மேடம்" என்றார். அப்புறம் "வேற சைட்ல இருக்கேன்". அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆப்பின் சாட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் வந்த பதில் இதுதான்: வேலை முடிந்ததாக நீங்களே கோடு கொடுத்திருக்கிறீர்கள், பொருளுக்குக் கொடுத்த பணம் எங்கள் கணக்கில் வராது. புகாருக்குப் பக்கத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று பச்சையில் போட்டுவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் இரண்டு மாத வாடகைதான் தீர்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வேறொரு பிளம்பர் வந்தார். கையில் எந்தக் கருவியும் இல்லை. எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் போய்ப் பார்த்தார். அது அசையவே இல்லை. சுவருக்குள் போகும் லைனில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அது உடைந்திருந்தால் யாரும் குழாயைத் திறக்காதபோதும் மீட்டர் ஓட வேண்டும் என்று விளக்கினார். அடுத்து, தரை வடிகாலில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிக் காத்திருந்தார். படுக்கையறைச் சுவரின் அடியில் சிவப்பாகக் கசிந்தது. கழிவுநீர் போகும் டிராப்பின் (வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த பகுதி) இணைப்பில்தான் கோளாறு. புது டைல்ஸில் ஒன்றைப் பெயர்த்துக் காட்டினார். மாற்றியதாகச் சொன்ன பைப் பழைய பைப்பாகவே இருந்தது, அதன்மேல் சிமெண்டை அப்பியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓனரிடம் சொன்னால், "பில் இருக்கா? பில் இல்லாம எப்படிம்மா கழிக்கறது? டைல்ஸ் வேற கலரா இருக்கு, அதை அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன்" என்கிறார். கழித்துக்கொள்ளலாம் என்று அவர் போனில் சொன்னதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. ஆக, இரண்டு மாத வாடகை போனதோடு அட்வான்ஸிலும் கை வைக்கிறார்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓனர் எதற்குச் சம்மதித்தாலும் அதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். ஓதம் தெரிந்த அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள். நனைந்த துணி, மரச்சாமான்களை உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலரவில்லை என்றால் பூஞ்சை பிடித்துவிடும். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணையுங்கள். மீட்டரைப் பார்க்காமல் சுவரை உடைக்க யாரையும் விடாதீர்கள். பைப் மாற்றினோம் என்றால் கழற்றிய பழைய பைப்பைக் காட்டச் சொல்லுங்கள். பொருளுக்குத் தனி பில் கேளுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சுவர் காய்கிறதா என்று நீங்களே பார்க்கும்வரை அந்தக் கோடை யாருக்கும் சொல்லாதீர்கள்.