சோலார் வாட்டர் ஹீட்டர் போடப் போகிறீர்களா? 47,300 ரூபாய் போனவன் சொல்கிறேன்

வீட்டுக்கு வெந்நீர் வசதி செய்யப் பட்ஜெட் போடுவது எப்படி என்று விவரமாக எழுத வேண்டும் என்று ஒரு மாதமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இப்போதும் மேசை மேல்தான் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் 30,000 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். போனது 47,300. ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன், உபயோகமான விஷயம் அப்புறம்.

எங்கள் வீடு சூலூர் பக்கம். போர் தண்ணீர்தான், சரியான உப்பு. பக்கெட்டின் விளிம்பெல்லாம் வெள்ளை படிந்திருக்கும். அம்மாவுக்கு முட்டி வலி, மார்கழியில் பச்சைத் தண்ணீர் ஆகாது. இத்தனை வருஷமும் பின்கட்டில் செம்பு பாய்லரில் தேங்காய் மட்டை போட்டுத்தான் சுட வைத்தார். புகை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரண்ட் கீசர் 2,000 வாட். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. எங்கள் வீட்டில் ஏற்கெனவே 420 யூனிட் ஓடுகிறது. 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, பில் எகிறிவிடும். அதனால்தான் சோலார் பக்கம் போனேன். இதுவரை என் கணக்கில் தப்பில்லை.

மெயின் ரோட்டில் சோலார் சாமான் விற்கும் ஒரு டீலர் கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மாடி ஏறினார், தெற்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தார், தென்னை நிழலைக் காலால் அளந்தார். கீழே வந்து அம்மாவிடம், "எங்கம்மாளுக்கும் இதே முட்டிதானுங்க" என்றார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். நான் அட்வான்ஸ் எடுக்க உள்ளே போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, "அவசரப்படாதீங்க தம்பி. நாலு கடை விசாரிங்க. மனசுக்குப் புடிச்சா மட்டும் சொல்லுங்க" என்றார்.

விழுந்தது அந்த இடத்தில்தான். நாலு கடை விசாரிக்கச் சொல்கிற மனுஷனைப் பார்த்த பிறகு எவன் போய் நாலு கடை விசாரிப்பான்? அன்று ராத்திரியே பணத்தைப் போட்டேன்.

200 லிட்டர் ஹீட்டர், 36,000 ரூபாய். அதில் 12,000 அரசு மானியம், "உங்க அக்கவுண்ட்டுக்கே நேரா வந்துருமுங்க, ஆதாரும் பாஸ்புக் ஜெராக்ஸும் போதும்". ஆகக் கைக்காசு 24,000, பைப் வேலைக்கு 6,000. நோட்டில் அந்த இரண்டு கோடு இப்படித்தான் வந்தது. வெந்நீர் சோலாருக்கு மத்திய அரசு கொடுத்த மானியம் 2014-லேயே நின்றுபோனது என்று இப்போதுதான் தெரிகிறது. பேப்பரில் 78,000 வரை மானியம் என்று வருகிறதே, பிரதமரின் சூர்ய கர் திட்டம், அது மாடியில் மின்சாரம் எடுக்கிற பேனலுக்கு மட்டும். இரண்டுக்கும் பேர் சோலார் என்பதால் நானும் சேர்த்துக் குழப்பிக்கொண்டேன். அவர் குழம்பியிருக்க வாய்ப்பில்லை, அவருக்கு அதுதானே தொழில்.

மாட்ட வந்தவர்கள் இரண்டு பையன்கள். டேங்க்கை மாடியில் ஏற்றிய பிறகு, "ஸ்டாண்டு தனிங்கண்ணா". 3,800. சுவரைத் துளை போட்ட பிறகு பைப்புக்கு 5,600. வால்வுக்கும் சுடு பைப்பின் மேல் சுற்றுகிற ஃபோமுக்கும் 1,900. பாதி வேலையில் கேட்டால் எப்படி மறுப்பது? மொத்தம் 47,300. பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேருமுங்க, எஸ்டிமேட்டே பில் மாதிரிதான்" என்று போனில் சொன்னார். கையில் இருப்பது கடை பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. பணம் போன யுபிஐ நம்பரும் வேறு யார் பெயரிலோ இருக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

போகும்போது பையன்கள் பின்கட்டில் இருந்த செம்பு பாய்லரைப் பார்த்தார்கள். "இனி இது எதுக்குங்கம்மா, எடைக்குப் போட்டுக் காசு கொண்டாந்து தர்றோம்" என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா அதைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தனுப்பினார். அந்தக் காசு இன்னும் வரவில்லை.

முதல் நாளிலிருந்தே விடியற்காலையில் சுடு தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போன் செய்தேன். "ஏர் லாக், போகப் போகச் சரியாயிரும்." மூன்று நாள் கழித்து, "மேகமூட்டமுங்க". அடுத்து, "ஆளு ஊருக்குப் போயிருக்கான்". அப்புறம் அமாவாசை லீவு. அப்புறம் நீல டிக் மட்டும்.

பதினோராம் நாள் ஒரு பையனை அனுப்பினார். உப்பு அடைத்திருக்கும் என்று அவன் மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். தண்ணீரைச் சூடாக்குவதே ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்கள்தான். உச்சி வெயிலில் அவை காலியாக இரண்டு மணி நேரம் காய்ந்தன. திரும்பி வந்தவன் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டான். டப். அடுத்து இன்னொன்று. மூன்றாவதற்குள் நான் மாடி ஏறிவிட்டேன். பதினோரு நாள் வெந்நீரே தராத டேங்க், இருந்த தண்ணீரையெல்லாம் மாடியில் கொட்டியது. கடைக்காரர் அன்றைக்கு உடனே போனை எடுத்தார். "கண்ணாடி ஒடையற பொருளுங்க, வாரண்டியில வராது."

ஒடைத்தது உங்கள் ஆள் என்றேன். "கூலிக்கு வந்த பையன் அவன், கடை ஆளு இல்லைங்க." சரி, உப்புத் தண்ணீர் என்று முதல் நாளே சொன்னேனே என்றேன். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். உப்புத் தண்ணீருக்கு வாரண்டி பொருந்தாது என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. மானியம்? "அப்ளிகேஷன் போட்டிருக்குதுங்க."

நேற்று வேறு பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதலில் கண்ணாடிக் குழாய்களை எண்ணினார். பதினைந்து. இந்த அளவுக் குழாய் 100 லிட்டருக்குப் பத்து என்பது கணக்காம். ஆக 200 என்று விற்றது 150. அப்புறம் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். தொட்டியின் அடிமட்டம் ஹீட்டர் டேங்க்கின் தலைக்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கி நிரம்புமாம். எங்கள் தொட்டியின் பாதி உயரத்தில் ஹீட்டரின் தலை நிற்கிறது. ராத்திரி தொட்டி பாதிக்குக் கீழே போனால் காலையில் காற்று வராமல் என்ன வரும்? மாடி ஏறி நிழலைக் காலால் அளந்த மனுஷனுக்கு இது கண்ணில் படவில்லையா? தொட்டியைத் தூக்கி வைக்கச் செங்கல் மேடை கட்ட, மூன்று குழாய் மாற்ற, எல்லாம் தனிச் செலவு. 47,300-க்கு மேலே.

பட்ஜெட் ஆலோசனை என்று ஆரம்பித்தேன், அதை எழுதும் நிலையில் இப்போது இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மானியத்தைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள். ஹீட்டர் விலை மட்டும் கேட்காமல் ஸ்டாண்டு, பைப், வால்வு, மேடை, கூலி எல்லாம் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். தொட்டி உயரத்தை நீங்களே டேப் வைத்து அளங்கள். குழாயை எண்ணுங்கள். உப்புத் தண்ணீரா, வாரண்டி அட்டையைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் திருப்பிப் படியுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மாட்டிய பிறகு, வெயில் நேரத்தில் யாராவது தண்ணீரை வடித்தால், சாயங்காலம் வரை மறுபடி திறக்க விடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை போன் செய்து புகாரைப் பதிந்தேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். துண்டுச் சீட்டும் யுபிஐ ரசீதும் வாட்ஸப் பேச்சும் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போகத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் நாளைக் காலை கடை திறக்கும்போதே வாசலில் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். இப்போது கேஸ் அடுப்பில் குண்டாவில் தண்ணீர் காய்கிறது. 47,300 பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் பாய்லரை எந்தக் கடையில போட்டாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா கண்ணு" என்கிறார்.