ஆறு வருஷக் கூவை மாவு: சொந்தக் கிழங்கும் கடை பாக்கெட்டும்

மகனுக்கு வயிறு சரியில்லை என்று கடையில் ஆரோரூட் மாவு, அதாவது கூவைக்கிழங்கு மாவு, வாங்கிக் காய்ச்சியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கஞ்சி பால் மாதிரி வெளுத்தே நின்றது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, இது கூவையே இல்ல. கூவைன்னா கண்ணாடியால்லா தெளியும்" என்றாள். மக்காச்சோள மாவாக இருந்திருக்கும். மரவள்ளி மாவு கலந்திருந்தால் ஆச்சிக்கும் பிடிபட்டிருக்காது, அதுவும் தெளிவாகத்தான் வரும்.

கடையம் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் விதைக்கிழங்கு வாங்கி, வைகாசியில் தென்னைக்கு அடியில் ஊன்றினேன். நிழலிலேயே இடுப்பளவு வளர்ந்தது. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்காவாம். நம் காட்டுக்கூவை மஞ்சள்கிழங்கு இனம், இது வேறு குடும்பம். மாசியில் இலை பழுத்துச் சாய்ந்ததும் தோண்டலாம். இரண்டாம் வருஷம் எங்களுக்கு முன்னால் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது.

வேலைதான் பெண்டு நிமிர்த்தும். கிழங்கைச் சுற்றியிருக்கும் செதிலை ஒன்றுவிடாமல் உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு கசக்கும். உள்ளே ஒரே நார். மிக்ஸி பிளேடில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு கருகல் வாடை வந்தது. அப்புறம் பொடிப்பொடியாக நறுக்கி ஆட்டுக்கல்லில்தான் அரைக்கிறேன். வேட்டித் துணியில் வடிகட்டி, ராத்திரி தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்து, மறுபடி கரைத்து, மூன்று தடவை. கடைசியில் அடியில் சுண்ணாம்புக்கட்டி போல் இறுகியிருக்கும். விரலால் அழுத்தினால் நறநறக்கும். மொட்டைமாடியில் நாலு நாள் வெயில். பத்துக் கிலோ கிழங்குக்கு ஒன்றேகால் கிலோ மாவு, அவ்வளவுதான்.

பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும், ரொம்பக் கொதித்தால் இளகிவிடும். சொதியும் குருமாவும் இறுக இது போதும். பாலில் போட்டால் கொழகொழக்கும், எனக்குப் பிடிக்காது. கட்லெட் மொறுமொறுப்பாக வரும்.

மருந்து என்று மட்டும் நம்பாதீர்கள். 100 கிராமில் 88 கிராம் மாவுச்சத்து, புரதம் அரை கிராம்கூடக் கிடையாது. வயிற்றுப்போக்குக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான், கஞ்சியெல்லாம் அப்புறம்.

கடை மாவை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. விற்கிற அளவுக்கு மிஞ்சியதில்லை. டப்பாவில் மிச்சமிருந்ததை, போன வாரம் ஆச்சி கேட்காமலே எடுத்துத் தன் நூல் சேலைக்குக் கஞ்சி போட்டுவிட்டாள்.