தண்டர்பேர்டில் ஸ்போக் வீலை மாற்றி நாலரை வருடம்

என் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 பைக், 2014-ல் வாங்கியது. முதல் ஏழு வருடம் வண்டியோடு வந்த ஸ்போக் வீலில், அதாவது கம்பி கோத்த சக்கரத்தில்தான் ஓட்டினேன். 2021 பிப்ரவரியில் இரண்டு சக்கரத்தையும் அலாய்க்கு, அதாவது கம்பியில்லாமல் வார்த்தெடுத்த அலுமினிய வீலுக்கு மாற்றினேன். அதற்கப்புறம் 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாட்டிய வாரத்திலேயே எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். இப்போது நாலு மழைக்காலமும் ஒரு மோசமான பள்ளமும் பார்த்தாகிவிட்டது.

வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மனைவியின் ஊர் கடலூர். மாதம் ஒருமுறையாவது ஈசிஆரில், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போய்வருவோம். எந்த வண்டியானாலும் இந்த உப்புக்காற்று இரும்புக் கம்பியை விட்டுவைக்காது. அதிலும் கம்பியின் நடுப்பகுதியில் துரு முதலில் வராது. கம்பியை ரிம்மோடு பிடித்து இறுக்குகிற சின்ன மரையான நிப்பிளுக்குள் அது நுழைகிற இடத்திலும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளைந்து மாட்டியிருக்கிற இடத்திலும்தான் ஆரம்பிக்கும். தண்ணீர் தேங்குவதும் அங்கேதான், துணி போகாததும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன் சக்கரத்தைத் துடைக்க அரை மணி நேரம் ஆகும். பின் சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. செயினுக்கு அடிக்கிற எண்ணெய் தெறித்து, அதன்மேல் புழுதி ஒட்டி, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடங்களில் கறுப்புப் பசையாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டை நாடாபோலக் கிழித்து ஒவ்வொரு கம்பியிலும் சுற்றி இழுக்க வேண்டும். கழுவிவிட்டு ஈரம் துடைக்காமல் விட்டால் அடுத்த ஞாயிறுக்குள் செம்புள்ளி வந்துவிடும். குரோமில் மேலாக இருக்கிற துருவுக்கு, அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் நல்ல பலன் உண்டு. ஆசிட் கலந்த கிளீனர் பக்கம் மட்டும் போகாதீர்கள். யாரோ சொன்னார்களென்று ஒருமுறை ஊற்றினேன். துரு போனது, கூடவே பூச்சும் போனது. இரண்டே மாதத்தில் துரு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

இவ்வளவு சிரமத்திலும் மாற்ற மனம் வரவில்லை. க்ரூஸர் வண்டிக்கு ஸ்போக் தருகிற அழகு வேறு. வெயிலில் அந்தக் கம்பிகள் சுழல்வதைப் பார்க்கவே பிடிக்கும்.

மனம் மாறியது 2019-ல், ஒரு இரவில். மரக்காணம் தாண்டி பின் டயரில் ஆணி ஏறியது. டியூப் டயர் என்பதால் காற்று மெதுவாக இறங்காது, மொத்தமாகப் போய்விடும். பின்பக்கம் ஆட, மனைவி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக ஓரம் கட்டினோம். பஞ்சர் கடைத் தம்பி வந்து, சக்கரத்தைக் கழற்றி, டியூபை ஒட்டி மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்று மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அடுத்து, 2020 மழை முடிந்ததும் மெக்கானிக் அண்ணன் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தையாக ஒலிக்கும். பின் சக்கரத்தில் பாதிக் கம்பி மொத்தைதான். கம்பிகளை இறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கலாமென்று திருகினால், துருவில் இறுகிப்போன நிப்பிள் சுற்றவில்லை. இரண்டு கம்பி முறிந்தே போனது. "தம்பி, இனிமே எல்லாக் கம்பியும் புதுசா வாங்கிக் கோக்கணும். இல்லன்னா அலாய்க்குப் போயிடுங்க" என்றார்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கோர்ப்பது நல்ல வழிதான், துருத் தொல்லை தீரும். ஆனால் நிப்பிளுக்காக ரிம்மில் போட்ட துளைகள் இருக்கும்வரை டியூபை விட முடியாது. அந்த இரவை நினைத்து அலாயை முடிவு செய்தேன்.

2018-ல் வந்த தண்டர்பேர்டு எக்ஸ், ஒன்பது ஆரம் கொண்ட அலாய் வீலும் டியூப்லெஸ் டயருமாக வந்தது. டயர் அளவு என் வண்டியுடையதேதான். முன்னால் 90/90-19, பின்னால் 120/80-18. அளவு மாறாததால் வண்டியின் உயரமும் வளைவில் சாயும் தன்மையும் மாறாது. முதலில் விலை குறைவென்று வேறொரு கடையில் ஒரு செட் வாங்கினேன். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிப் பார்த்தபோதே முன் ரிம் ஆடியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு எக்ஸுக்கான வீலையே உதிரி பாகமாக வாங்கினேன். டயர், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது.

வாங்கும்போது ரிம்மில் பொறித்திருக்கிற அளவைப் படியுங்கள். அதில் எம்டி என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். அந்த வகை ரிம்மின் உள்விளிம்பில் சிறு மேடு ஓடும். காற்று குறைந்தாலும் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுப்பது அந்த மேடுதான். பழைய ஸ்போக் ரிம்களில் பெரும்பாலும் டபிள்யூஎம் என்றிருக்கும், அதில் மேடு கிடையாது. பேரிங், ஸ்பேசர், ஆயில் சீல் மூன்றையும் புது வீலுக்கு உரியதாகவே வாங்குங்கள். பழைய ஸ்பேசரை வைத்துச் சமாளித்தால் சக்கரம் நடுவில் நிற்காது, பேரிங்கும் சீக்கிரம் போகும். செயின் இழுக்கிற அதிர்வைத் தாங்குகிற, பின் சக்கரத்தின் டிரம் ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் என் வண்டியில் கிடையாது. ஏபிஎஸ் உள்ள வண்டியென்றால், சக்கரத்தோடு சுற்றுகிற சென்சார் வளையத்துக்குப் புது வீலில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இப்போது இரண்டு சக்கரத்தையும் கால் மணி நேரத்தில் துடைத்து முடித்துவிடுகிறேன். ஷாம்பு தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச், செயின் பக்கம் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய், அவ்வளவுதான். இந்த நாலரை வருடத்தில் மூன்று பஞ்சர். மூன்றிலும் காற்று மெல்லத்தான் இறங்கியது. இரண்டு முறை ஆணி குத்தியபடியே பங்க் வரை ஓட்டிப் போனேன். சக்கரத்தைக் கழற்றாமலேயே பிளக் ஏற்றிப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். வேறெதுவும் மாறாவிட்டால்கூட இதற்காகவே செலவழித்த பணம் தகும்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். கிராமத்து ரோட்டில் அலாய் விறைப்பாகத் தெரிகிறது. சிறு குலுக்கல்களைக் கம்பிகள் எவ்வளவு வாங்கிக்கொண்டிருந்தன என்பது அவை போன பிறகுதான் புரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பின், தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியது. ரிம் விளிம்பு லேசாக நசுங்கி, தினமும் காற்று இறங்க ஆரம்பித்தது. விரிசல் இல்லையென்று உறுதி செய்த பிறகு சூடேற்றி நிமிர்த்திக் கொடுத்தார்கள். விரிசல் இருந்திருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டியிருக்க மாட்டேன், புது வீல்தான். ஸ்போக்காக இருந்தால் கோட்டம் எடுத்துத் தீர்த்திருக்கலாம். மலை ரோட்டிலும் மண் ரோட்டிலும் அதிகம் போகிறவர்கள் ஸ்போக்கை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

உப்புக்காற்று அலாயையும் முழுதாக விடுவதில்லை. கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த இடத்திலும், டயர் விளிம்பு உட்காருகிற இடத்திலும் வெள்ளைப் பொடி பூக்கும். மூன்றாவது வருடம் பின் சக்கரத்தில் வாரத்துக்கு நாலைந்து பவுண்டு காற்று குறைய இதுதான் காரணம். டயர் மாற்றும்போது அந்த விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொன்னேன், சரியாகிவிட்டது. இனி ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் இதைச் செய்யச் சொல்வதாக இருக்கிறேன்.

பழைய வீல்கள் இரண்டும் மாடி அறையில், எண்ணெய் தடவிய துணி சுற்றி இருக்கின்றன. ரிம்மும் ஹப்பும் இன்னும் நன்றாகவே உள்ளன. அடுத்த வருடம் முன் சக்கரத்துக்கு மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கிக் கோர்த்து வைக்கச் சொல்லி மெக்கானிக் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.