ஈயச் சொம்பு, தோசைக்கல், ஒரு மயிலாப்பூர் பாத்திரக் கடை: எட்டு மாத அனுபவம்

ஈயச் சொம்பு வாங்கப் போகிறவர்கள் கடை எது, விலை என்ன என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் புழங்குகின்றன. ஒன்று வெள்ளீயம். ரசம் வைப்பது இதில்தான், பித்தளைக்கு உள்ளே பூசுவதும் இதைத்தான். இன்னொன்று காரீயம். வண்டி பேட்டரிக்குள் இருப்பதும், மீன் வலையில் கட்டுகிற குண்டும், பழைய பெயின்ட்டில் கலந்திருந்ததும் இது. பள்ளிக்கூடத்தில் பிரித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் செய்தித்தாளில் "குடிநீரில் ஈயம்" என்று வந்தால் அது காரீயம், அம்மா "ஈயச் சொம்பை எடு" என்றால் அது வெள்ளீயம். இந்தக் குழப்பத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி ஒருவரிடம்தான் முதல் சொம்பை வாங்கினேன்.

இணையத்தில் பார்த்து ஆர்டர் போட்டது அது. கடையின் பெயர் வேண்டாம். "பாரம்பரிய ஈயச் சொம்பு, கையால் செய்தது" என்று போட்டிருந்தார்கள், படமும் அழகாக இருந்தது, விலையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. வந்ததும் கழுநீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு ரசம் வைக்க ஆரம்பித்தேன், ஒரு மூன்று மாதம் வாரத்தில் நாலு நாள் அதில்தான். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்தால்தான் சாப்பிடுவாள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் தோசைக்கல் வாங்கத்தான் மயிலாப்பூர் போனேன். மாட வீதிகளில் ஒன்றில் இருக்கும் சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும், மேலே கயிற்றில் கரண்டியும் வடிதட்டும் தொங்கும், உள்ளே போகப் போகப் பித்தளை அண்டாக்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தன் கடை பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. பேச்சுவாக்கில் நான் ஈயச் சொம்பு வாங்கியிருப்பதைச் சொல்லி, வாங்கிய விலையையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அந்த விலைக்கு ஈயமே வராதேம்மா, செய்கூலி எங்கிருந்து வரும்? ஒரு நாள் எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

மறுநாளே எடுத்துப் போனேன். கல்லா மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சொம்பின் அடி விளிம்பை அதில் அழுத்தி இழுத்தார். பென்சிலால் போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. பிறகு தன் கடையில் இருந்த ஒன்றை எடுத்து அதே அழுத்தத்தில் இழுத்தார், கோடு விழுந்ததா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஈயக் குச்சியை எடுத்து என் காதோரம் வைத்து மெதுவாக வளைத்தார். நறநறவென்று ஒரு சத்தம், காய்ந்த பனை ஓலையைக் கசக்குவதுபோல. "நல்ல ஈயம் வளைச்சா அழும்மா. காரீயம் சத்தமே போடாது." வளைக்கும்போது வெள்ளீயத்தின் உள்ளே இருக்கும் படிகங்களின் அடுக்கு சட்டென்று திசை மாறித் திரும்புவதால் வரும் சத்தம் அது. காரீயம் கலந்தால் அந்தச் சத்தம் அடங்கிவிடும்.

கண்ணால் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து நானே ஒரு சோதனை செய்தேன், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். மாவு நிறுக்கும் சமையலறைத் தராசில் முதலில் சொம்பை நிறுத்தேன், 412 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, உள்ளே காற்று நிற்காதபடி சாய்த்து முழுதாக முக்கினேன், அடியிலும் பக்கத்திலும் தொடாமல் கையில் பிடித்தபடியே. தராசு 49 காட்டியது. அதாவது அந்த உலோகம் 49 மில்லி இடத்தை அடைத்துக்கொள்கிறது. 412ஐ 49ஆல் வகுத்தால் 8.4. சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் 7.3 வர வேண்டும், காரீயம் 11.3. கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் என்று வருகிறது. அடுப்படியில் நின்றுகொண்டே எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்ததில் காரீயம் கலந்திருப்பது உறுதியாயிற்று. குழந்தைக்கு இரத்தப் பரிசோதனையும் செய்தோம். பயப்படும் அளவுக்கு இல்லை, அந்தச் சொம்பை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும். புளித் தண்ணீர் கொதித்தால் அது இன்னும் சுலபமாகக் கரைந்து வரும். விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, பதிலும் இல்லை. பணம் போனால் போகிறது, எந்த வீட்டில் எந்தக் குழந்தை அதில் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற நினைப்புத்தான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சரி, பெரியவர் கடையில் வாங்கிய சொம்புக்கு வருகிறேன். என் கண் முன்னால் நிறுத்தார், பில்லில் "வெள்ளீயம்" என்று எழுதி எடையும் போட்டுக் கொடுத்தார். 436 கிராம். வீட்டில் முக்கிப் பார்த்தபோது 60 காட்டியது, 7.27 வருகிறது, சமையலறைத் தராசுக்கு அதுவே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று கொஞ்சமாகக் காரீயம் கலந்திருந்தால் இந்தத் தண்ணீர்ச் சோதனையில் தெரியாது. அதனால் இதையும் ஒரு முறை சோதனைக்கூடத்தில் கொடுத்து வாங்கினேன், காரீயம் இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். விலை தினமும் மாறுவதால் இங்கே போடவில்லை, எவர்சில்வரைவிடப் பல மடங்கு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கும்போதே பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் அடுப்பாம்மா? சின்ன பர்னர்ல மட்டும் வைங்க." வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், இரும்புக்கு அது 1,538. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது, அதனால்தான் இத்தனை மெல்லிய உலோகம் அடுப்பில் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி, ரசம் இல்லாத மேல் பகுதியைத் தொடும், அங்கே உருகிவிடும். காலிச் சொம்பை வைத்து அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, புளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதிலேயே எண்ணெய் ஊற்றித் தாளிக்கவும் கூடாது, எண்ணெய் 200ஐத் தாண்டிச் சுலபமாகப் போய்விடும். தாளிப்பு இரும்புக் கரண்டியில் தனியாக. ரசம் நுரை கட்டி வந்ததும் இறக்கிவிடுகிறேன், கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிவைத்தால் அந்த வாசனை கூடம்வரை வருகிறது. எவர்சில்வரில் வைத்த ரசத்துக்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், எங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறது என்கிறோம்.

தோசைக்கல் வார்ப்பிரும்பு, பன்னிரண்டு அங்குலம், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பழக்கிய கல் என்று சொல்லி விற்பதை அவர் வைத்திருப்பதில்லை, நீங்களே பழக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார். கழுநீரில் இரண்டு நாள் ஊறவைத்து, கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றி ஆறவிட்டு, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்து, மறுபடி எண்ணெய், இப்படி ஒரு வாரம். சூட்டில் எண்ணெய் கெட்டியாகி இரும்பின் மேல் ஒரு தோல்போலப் படிகிறது, கருப்பாகப் பளபளப்பது அந்தத் தோல்தான். முதல் நாலு தோசை ஒட்டியது, ஐந்தாவது எழும்பியது. அலுமினியக் கல்லைவிட இது மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் எடை இருப்பதால் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் தணிவதில்லை, அதனால்தான் அந்த மொறுமொறுப்பு. நாங்கள் இருப்பது திருவான்மியூர், கடலிலிருந்து நடக்கும் தூரம், கேட்டும் ஜன்னல் கம்பியும் வருடா வருடம் பெயின்ட் கேட்கும், அதனால் கல்லைக் கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தொட்டு வைக்காவிட்டால் மறுநாள் காலை செம்பழுப்பு படிந்திருக்கும். வார்ப்பிரும்பில் கரி அதிகம், கெட்டி ஆனால் நொறுங்கும் சுபாவம். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். என் மாமியாருடைய கல் கை தவறித் தரையில் விழுந்து அப்பளம்போல் இரண்டாகிவிட்டது.

எவர்சில்வர் வாங்கும்போது நான் கையில் காந்தத்தோடு போனேன், ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம் என்று கேள்விப்பட்டதை நம்பி. பெரியவர் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் காந்தத்தில் வைத்தார், பச்சக்கென்று ஒட்டியது. அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான், இரும்போடு குரோமியம் மட்டும் சேர்ந்தது, நிக்கல் இல்லை. 304 என்கிற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது! விலையில் வித்தியாசம், காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதுமட்டுமில்லை, நல்ல 304இலேயே அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும். அதனால் பாத்திரத்தில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். உப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கரையாமல் அடியில் கிடக்கவிட்டால் எந்த ரகத்திலும் ஊசி குத்தினதுபோல் புள்ளி விழும், கொதித்த பிறகு போடுங்கள். சூட்டைக் கடத்துவதில் செம்பு எவர்சில்வரைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகம், மெல்லிய எவர்சில்வரில் பால் நடுவில் மட்டும் அடிபிடிப்பது அதனால்தான்.

அலுமினியம் அவர் அதிகம் வைப்பதில்லை. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலே நம் ஊரில்தான் தொடங்கியது, 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் எழும்பூர்ப் பக்கம் இருந்த கலைப் பள்ளியில் ஆரம்பித்துவைத்தது. சோறு வடிக்க நல்லது, எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். புளிக்கும் தயிருக்கும் வேண்டாம்.

குறை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாட்டி காலத்துப் பித்தளை அடுக்கு ஒன்றை ஈயம் பூசக் கொடுத்தேன். கடையில் பூசுவதில்லை, வெளியே ஒருவரிடம் அனுப்புகிறார்கள். நாலு நாள் என்றார்கள், பதினாறு நாள் ஆயிற்று, மூன்று தடவை அலைந்தேன். வந்த அடுக்கில் அடி மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும், புளி பட்டால் பச்சைக் களிம்பு ஏறும், அந்த ஒரு மூலை போதும் சமையலைக் கெடுக்க. திருப்பிக் கொண்டுபோனபோது பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். "பூசறதை நானே பார்க்கணும்" என்று கேட்டதற்கு என்னையும் அந்த இடத்துக்கு அனுப்பினார். கரி அடுப்பில் அடுக்கைச் சிவக்காத சூட்டில் புரட்டி, நவச்சாரப் பொடி தூவினதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து மூக்கை அடைத்தது. ஈயக் கட்டியை உள்ளே தொட்டதும் தண்ணீராக ஓடியது, பூசுகிறவர் பஞ்சை வைத்து ஒரே வீச்சில் சுற்றித் தேய்த்தார், மஞ்சள் போய் நிலா நிறம் வந்தது. மொத்தமே ஐந்து நிமிஷம் இருக்காது. அந்த ஈயக் கட்டியையும் கேட்டு வாங்கித் தாளில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டாயம் நீங்களும் கேளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், பூசுவதில் ஆன தாமதத்துக்கு ஒன்று குறைத்து. வண்டி நிறுத்த இடமே கிடையாது, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். பங்குனி உற்சவ நாட்களில் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மத்தியானம் கடை மூடியிருக்கும், நாலரை மணிக்கு மேல் போனால் பெரியவர் இருப்பார், பேசவும் நேரம் கொடுப்பார். சந்தேகமாக ஏதாவது பழைய சொம்பு வீட்டில் இருந்தால் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், தாளில் கோடு போட்டுக் காட்டுவதற்கு அவர் காசு கேட்பதில்லை.