குடும்பத்தோடு அயர்ன்மேன் போக ஐரோப்பாவில் எந்த ஊர்? என் ஓட்டு கிளாகன்ஃபர்ட்டுக்கு

அயர்ன்மேன் மாதிரி முழு தூர டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் தொடர்ந்து முடிக்கும் போட்டி) ஒன்றை ஐரோப்பாவில் செய்யவேண்டும், அதையே குடும்பத்தின் வருடாந்திர விடுமுறையாகவும் ஆக்கிக்கொள்ளவேண்டும் என்று யார் கேட்டாலும் நான் ஆஸ்திரியாவில் உள்ள கிளாகன்ஃபர்ட்டைத்தான் சொல்வேன். ஜெர்மனியின் ரோத் போட்டியைத் தூக்கிப் பிடிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ரோத் எனக்கும் உயிர்தான், ஆனால் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகும்போது கணக்கே வேறு.

போட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாதை வேகமானதா, ஏற்றம் எத்தனை மீட்டர், தண்ணீர் குளிருமா என்றுதான் எழுதுகிறார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இது காலையில் தொடங்கி இருட்டும்வரை போகும் வேலை. அந்த நேரம் முழுக்க குடும்பம் எங்கே உட்கார்ந்திருக்கும், என்ன சாப்பிடும், கழிவறை எங்கே, வெயில் ஏறினால் நிழல் எங்கே, நம்மை எத்தனை தடவை பார்க்க முடியும்? நான் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். பாதையின் வேகமெல்லாம் அப்புறம்.

அந்தக் கண்ணால் பார்த்தால் பட்டியல் சீக்கிரமே சுருங்கிவிடும். ஸ்பெயினின் லான்சரோட்டே 1992 முதல் நடக்கும் பழைய போட்டி, எரிமலைத் தீவு, கடல் அருமை. ஆனால் மே மாதம் ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் நடக்கும், காற்றும் ஏற்றமும் ஆளைப் பிழிந்துவிடும், மறுநாள் பிள்ளைகளோடு மணலில் விளையாடத் தெம்பு இருக்காது. பிரான்ஸின் நீஸ் ரொம்ப அழகு. ரயில் ஏறினால் ஒரு பக்கம் ஆன்டிப், மறுபக்கம் மொனாக்கோ, மென்டன் என்று கடலோரமாகவே போய்க்கொண்டிருக்கலாம், ஓட்டமும் கடற்கரைச் சாலையில் திரும்பத் திரும்ப வருவதால் குடும்பம் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் சைக்கிள் பாதை மலைக்குள் போய்விடும், ஏற்றம் மட்டும் 2,400 மீட்டரை ஒட்டி வரும், பாதி நாளுக்கு நீங்கள் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். கடற்கரையும் முழுக்கக் கூழாங்கல், சின்னப் பிள்ளைகளுக்கு வெறுங்காலில் நடப்பதே சிரமம்.

ரோத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். நியூரம்பெர்க் பக்கத்தில் உள்ள சின்ன ஊர், 1984 முதல் டிரையத்லான் நடக்கிறது, ஹில்போல்ட்ஸ்டைனில் சோலாரர் பெர்க் மேட்டில் ஏறும்போது கூட்டம் சாலையை இரண்டு பக்கமும் நெருக்கி ஒரு சைக்கிள் போகும் அகலம் மட்டும் விட்டு நிற்கும். 2024இல் ஆண்களில் மேக்னஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடத்தில் முடித்ததும், பெண்களில் ஆனே ஹாக் 8 மணி 2 நிமிடத்தில் முடித்ததும் அங்கேதான். அப்படி ஒரு போட்டி உலகத்தில் வேறு இல்லை. ஆனால் நுழைவுச் சீட்டு இணையத்தில் திறந்த கண நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கிடைத்தாலும், நீச்சல் கால்வாய் ஓரிடம், சைக்கிளை விட்டு ஓடத் தொடங்கும் இடம் வேறிடம், குடும்பம் நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். ஸிர்ன்டார்ஃபில் பிளேமொபில் பூங்கா இருக்கிறது, நியூரம்பெர்க் நல்ல நகரம், அதற்குமேல் ஒரு வாரம் தங்க அங்கே என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

கோபன்ஹேகன்தான் என் இரண்டாவது தேர்வு. ஆகஸ்ட் மாதம், மெட்ரோவில் ஏறினால் நீச்சல் நடக்கும் அமாகர் கடற்கரை, ஓட்டம் நகருக்குள்ளேயே, போட்டி முடிந்த மறுநாள் 1843 முதல் இருக்கும் டிவோலி பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். செலவுதான் கையைக் கடிக்கும், ஓட்டலில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு நான்கு பேருக்கு ஆகும் பில்லைப் பார்த்தால் தெரியும்.

சரி, கிளாகன்ஃபர்ட்டுக்கு வருவோம். ஆஸ்திரியாவின் தென்கோடியில் கேர்ன்டன் மாநிலத்தின் தலைநகர், வோர்தர்ஸே ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரி பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆல்ப்ஸ் ஏரிகளிலேயே வெதுவெதுப்பானவற்றில் ஒன்று, தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்து அடிவரை தெரியும். இங்கே 1990களின் கடைசியிலிருந்து போட்டி நடக்கிறது. 2011இல் மாரினோ வான்ஹோனாக்கர் 7 மணி 45 நிமிடம் 58 நொடியில் முடித்து அன்றைக்கு உலகின் வேகமான நேரத்தைப் பதிவு செய்தது இந்தப் பாதையில்தான், அதனால் வேகம் தேடுகிறவர்களும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு இந்த ஊர் பிடித்ததற்குக் காரணம் வேறு. நீச்சல் தொடங்கும் ஏரிக்கரை, சைக்கிள் நிறுத்தும் இடம், முடிவுக் கோடு எல்லாமே ஐரோப்பாபார்க் என்ற பெரிய பூங்காவைச் சுற்றியே இருக்கின்றன. பூங்காவில் மரநிழல், பிள்ளைகள் விளையாட இடம், பக்கத்திலேயே ஸ்ட்ராண்ட்பாட் என்ற ஏரிக் குளியலிடம், நீளநீளமான மரத்துறைகள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நடக்கிற தூரத்தில் மினிமுண்டுஸ், உலகக் கட்டடங்களை 25இல் ஒரு பங்கு அளவில் கட்டி வைத்திருக்கும் பூங்கா. நான் சைக்கிளில் போயிருந்த நேரத்தை என் வீட்டார் இந்த மூன்று இடங்களிலும் காரே எடுக்காமல் கழித்தார்கள். பெரியவள் மினிமுண்டுஸை விட்டு வரமாட்டேன் என்றாளாம். அத்தை ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கைதட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆனதும் என் கணவரிடம், "ஏண்டா, விடியறதுக்கு முன்னாடி போனவ, இன்னுமா ஓடிக்கிட்டிருக்கா? வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நீச்சலின் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஏரியில் பெரிய சுற்று போய்த் திரும்பி, கிட்டத்தட்ட கடைசி ஒரு கிலோமீட்டருக்கு லென்ட் கால்வாய்க்குள் நுழைவோம். 16ஆம் நூற்றாண்டில் ஏரியையும் நகரத்தையும் இணைக்க வெட்டிய கால்வாய் அது, ஒடுக்கமானது, இரண்டு கரையிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஏரியின் தெளிந்த தண்ணீர் போய் கலங்கலாகிவிடும், முன்னால் போகிறவரின் கால்கூடத் தெரியாது, ஆனால் மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கரையில் நம்மோடு சேர்ந்து நடந்துகொண்டே வரும் செருப்புக் கால்களும் நாய்களும் குழந்தை வண்டிகளும் தெரியும். கடலிலோ ஏரி நடுவிலோ நீந்துபவரைக் குடும்பம் பார்க்கவே முடியாது, இங்கே நாலடி தூரத்தில் பார்க்கலாம். நீங்கள் எந்தப் பக்கம் மூச்செடுப்பீர்களோ அந்தக் கரையில் அவர்களை நிற்கச் சொல்லுங்கள். நான் வலப்பக்கம் மூச்செடுப்பேன், அதனால் வலக்கரையில் நிற்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி தொப்பிகளுக்கு நடுவில் அவர்களால் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் சின்னவன் பிடித்திருந்த மஞ்சள் குடையை நான் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கை வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சைக்கிள் பாதை வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது, பழைய கட்டுரைகளை நம்பாமல் அந்த வருட வரைபடத்தைப் பாருங்கள். எந்தப் பாதையானாலும் ஏற்ற இறக்கம் உண்டு, சாலை வழுவழுவென்று இருக்கும். மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரலாம், அது மலைப்பகுதிக் கோடையின் இயல்பு. ஓட்டம் ஏரிக்கரையையும் கால்வாயோரத்தையும் ஒட்டியே பெரும்பாலும் போகும், பூங்கா வழியாகத் திரும்பத் திரும்ப வருவதால் குடும்பம் நகராமலே பல தடவை பார்க்கலாம். வீட்டார் மொபைலில் போட்டியின் ஆப்பை இறக்கி உங்கள் போட்டி எண்ணைப் போட்டுவைத்தால் அடுத்த இடத்துக்கு எப்போது வருவீர்கள் என்று ஓரளவு காட்டும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், அயர்ன்மேன் விதி அதை அனுமதிக்காது, தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். இதை முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், அங்கே வந்து அழுதால் நமக்குத்தான் மனசு கேட்காது.

போட்டியை முதலில் முடித்துவிட்டு விடுமுறையைப் பின்னால் வைப்பதுதான் சரி. முன்னால் ஒரு வாரம் சுற்றலாம் என்று போனால், "அம்மா, தண்ணிக்கு வா" என்று பிள்ளைகள் கூப்பிட, நாம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம், யாருக்கும் சந்தோஷம் இருக்காது. போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்து, முடிந்த பின் ஒரு வாரம் தங்குங்கள். ஏரி முழுக்கப் படகு ஓடுகிறது, தீபகற்பத்தில் நிற்கும் மரியா வோர்த் தேவாலயத்துக்குப் படகிலேயே போகலாம். பிரமிடன்கோகல் குன்றின்மேல் 2013இல் திறந்த மரக் கோபுரம் 100 மீட்டர் உயரம், மேலே போக லிஃப்ட் உண்டு, கீழே வர 120 மீட்டர் நீளச் சறுக்குமரம். மறுநாள் எனக்குப் படியிறங்கத் தொடை ஒத்துழைக்கவில்லை, லிஃப்டிலேயே ஏறி லிஃப்டிலேயே இறங்கினேன், பிள்ளைகள் சறுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்குக் காரில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

சாப்பாட்டுக்கு அத்தை சைவம், அதனால் கொஞ்சம் பயந்துதான் போனோம். கேர்ன்டன் பக்கத்துக் காஸ்நூடல்ன் காப்பாற்றியது. மாவைத் தேய்த்து உள்ளே பால்கட்டியும் உருளைக்கிழங்கும் புதினாவும் வைத்து மூடி, ஓரத்தை நம் சோமாசி மாதிரி கையாலேயே மடித்து மடித்துப் பின்னியிருப்பார்கள், மேலே உருக்கிய வெண்ணெய். அத்தை முதலில் அந்த ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கை தேர்ந்தவங்க செஞ்சது" என்றார், தட்டு காலி. மாவில் முட்டை இருக்கலாம், முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. போட்டி ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரியாவில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையும் மாலை ஆறு மணியோடு சரி. தயிர், வாழைப்பழம், பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவைக்கவேண்டும். தங்குமிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், போட்டி வாரத்தில் விலை ஏறும், ஏழு இரவுக்குக் குறைந்து தரமாட்டேன் என்பவர்களும் உண்டு. நாங்கள் எடுத்த வீட்டில் சைக்கிள் வைக்க இடம் உண்டு என்று போட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தால் செங்குத்தான படிகளுக்குக் கீழே ஒரு நிலவறை. போட்டிக்கு முந்தைய நாள் சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, நீங்கள் முன்பதிவுக்கு முன் புகைப்படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். போட்டியன்று ஏரியைச் சுற்றிப் பல சாலைகளை அடைத்துவிடுவார்கள். அதனால் வடகரையில் தங்குவது நல்லது: க்ரும்பன்டார்ஃப், பெர்ட்ஷாக், ஃபெல்டன் எல்லாம் ரயில் பாதையிலேயே இருக்கின்றன, வீட்டார் ரயிலில் வந்துவிடலாம்.

தேதியும் பார்க்கவேண்டும். சமீப வருடங்களில் ஜூன் நடுவில் வைக்கிறார்கள். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது சில வருடம் பள்ளிகளின் பெந்தெகொஸ்தே விடுமுறைக்குள் விழும், சில வருடம் விழாது, ஈஸ்டரைப் பொறுத்து மாறும். 2025இல் ஜூன் 10 முதல் 20 வரை விடுமுறை, கச்சிதமாக அமைந்தது. ம்யூனிக்கிலிருந்து காரில் வருபவர்கள் ஆஸ்திரிய விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) வாங்கினால் மட்டும் போதாது, டவர்ன், காட்ஷ்பெர்க் சுரங்கங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சென்னையிலிருந்து வருபவர்கள் வியன்னாவுக்கோ ம்யூனிக்குக்கோ பறந்து ரயிலில் வரலாம், சைக்கிள் பெட்டிக்கு விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், ஷெங்கன் விசாவுக்கு நேரம் விட்டுத் தொடங்குங்கள். நுழைவுக் கட்டணமே 600 யூரோவுக்கு மேல் போகும், விசா வருமா என்று தெரியாமல் அதைக் கட்டுபவர்கள் பணம் திரும்பும் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வெட்சூட் (குளிரைத் தடுத்து, மிதக்கவும் உதவும் ரப்பர் நீச்சலுடை) இல்லாமல் நீந்த முடியாதவர்கள் மட்டும் இங்கே யோசித்து வரவேண்டும். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் தொழில்முறை வீரர்கள் அல்லாத நம் வயதுப் பிரிவுகளுக்கு வெட்சூட் அனுமதி கிடையாது, இந்த ஏரியில் அது நடந்திருக்கிறது. வீட்டுப் பக்கத்து ஏரியிலோ குளத்திலோ வெட்சூட் இல்லாமல் முழு தூரத்தையும் நீந்திப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.