திருவான்மியூரில் உறைகிணறு இறக்கித் தந்த மேஸ்திரி: ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகள். மழை வலுத்தால் தரைத்தள வீட்டுக் குளியலறைத் துளை வழியாகச் சாக்கடை பொங்கும். அங்கே தனியாக வசிக்கும் பாட்டி, ஐப்பசி பிறந்தாலே துளைமேல் மணல் மூட்டை வைத்துவிட்டுத்தான் படுப்பார். தெருக்குழாயில் அடைப்பு என்று நினைத்து ஆண்டுதோறும் புகார் கொடுத்துக்கொண்டிருந்தோம். சென்ற ஆவணியில்தான் இந்த மேஸ்திரியை அழைத்தோம்.

வந்ததும் விலை பேசவில்லை. "மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், அம்மா" என்றார். ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் கரைத்து மொட்டைமாடிக் குழாயில் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தண்ணீருக்கு நடுவே நீலம் சுழித்துக்கொண்டு வந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது வெட்டிய குழியில்தான் அது இறங்குகிறது என்று நம்பியிருந்தோம். இடையில் யாரோ குழாயைச் சாக்கடையோடு சேர்த்திருக்கிறார்கள்.

சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. எங்கள் மாடி 2,400 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 2,200 லிட்டர் சேரும். ஆறு குடும்பங்கள் புழங்கும் தண்ணீருக்காகப் போட்ட குழாயில் அது மொத்தமும் பாய்ந்தால், தாழ்வான வீட்டில் பொங்காமல் என்ன செய்யும்? பாட்டியின் வீட்டைப் பாழாக்கியது எங்கள் மாடிதான்.

அந்த இணைப்பைத் துண்டித்து, மாடித் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதற்காக, நான்கடி விட்டத்தில் பதினைந்தடி ஆழத்துக்கு உறைகளை, அதாவது சிமென்ட் வளையங்களை, இறக்கிக் கிணறு அமைத்தார்கள். எங்கள் பகுதி மணற்பாங்கு என்பதால் தண்ணீர் சடசடவென்று உள்ளே இறங்குகிறது. களிமண் பகுதியில் இருப்பவர்கள் இதே அளவை நம்பிவிட வேண்டாம், மண்ணைப் பார்த்துத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். முன்வாசலின் சிமென்ட் தரையையும் பாதி பெயர்த்தோம். கார் நிற்கும் இடத்தில் துளைக்கற்கள் பதித்துப் புல் வளர்த்தோம். மதிலோரம் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம். முன்பெல்லாம் வாசலில் குளம் கட்டும் தண்ணீர் இப்போது அந்தப் பாத்தியில் அடங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிக் கிணறு நிரம்பியபோது, மிகுதி நீர் வெளியேற வழி வைக்கவில்லை என்பது தெரிந்தது. கூப்பிட்டதும் வந்து, தெருவின் மழைநீர் வடிகாலுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார். ஆனால் அதற்குத் தனியாக 3,000 ரூபாய் வாங்கினார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தோண்டிய மணல் நான்கு நாள் தெருவில் கிடந்து, அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்கினேன்.

பெருமழை நாட்களில் பாட்டி வீட்டில் ஒருமுறைகூடப் பொங்கவில்லை. மணல் மூட்டையை மார்கழியில் அவரே அவிழ்த்து, தொட்டிச் செடிக்குக் கொட்டிவிட்டார்.

கிணற்று வேலைக்கு மட்டும் 46,000 ரூபாய். ஆறு வீடும் பகிர்ந்துகொண்டோம். இந்த மேஸ்திரியைத் தயங்காமல் கூப்பிடலாம். வடிகட்டித் தொட்டியை மட்டும் மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். போன வாரம் நான் திறந்தபோது ஒரு முறம் நிறைய வேப்பிலைச் சருகு வந்தது.